ஒரே வழியில் இரண்டாம் முறை

அவர் ஒரு வழியில் இரண்டாம் முறை ஓடமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரைப் பற்றிய மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் விடியற்காலையில் ஓடும் எங்கள் கூட்டத்தில் பன்னிரண்டு பேர். பதினோரு பேர் என்னைப் போன்ற கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள். எங்கெங்கிருந்தோ வந்து அடுக்குமாடியில் குடியேறி, முப்பத்தைந்து வயதில் டாக்டர் முறைத்துப் பார்த்த பிறகு ஷூ வாங்கியவர்கள். நான் கோவில்பட்டிக்காரன். பன்னிரண்டாவது ஆள் அவர். அயனம்பாக்கத்திலேயே பிறந்தவர். எங்கள் கட்டடம் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பாக்கிங் பிரிவு சூப்பர்வைசர். வயது நாற்பத்தைந்துக்குப் பக்கம். எல்லோருக்கும் அக்கா. பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு வழி போட்டுத் தருவது அவர் வேலை. முத்தாபுதுப்பேட்டை வயல் வரப்பு, கொரட்டூர் ஏரியின் பின்கரை, பட்டாபிராம் பக்கம் முள் மூடிக் கிடக்கும் பழைய சரக்கு லைன் என்று எங்கிருந்துதான் பிடிப்பாரோ. எங்கள் வாட்ஸாப் குழுவை நடத்துகிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் உண்டு. அவரை எல்லோரும் அட்மின் என்றே கூப்பிடுவோம். அவர் ஒருமுறை கெஞ்சினார்: “அக்கா, போன வாரம் போன வழி அருமையா இருந்ததுங்களே. இந்த வாரமும் அங்கியே போலாங்களா?”

“அது பாத்தாச்சி சார். வேற ஒண்ணு கீது, வாங்க.”

‘பாத்தாச்சி’ என்ற சொல்லை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அக்காவுக்கு நல்ல ரசனை என்று பேசிக்கொண்டோம். அவர் தொலைந்துபோன தம்பியைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரிய ஏழு மாதம் ஆயிற்று. ஏழு மாதம் ஒருவரோடு ஓடி, ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்து, அவருடைய வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருத்தன் கேட்கவில்லை. அத்தனையும் படித்த பிள்ளைகள்.

எப்போதும் கடைசியாகத்தான் வருவார். சுடிதாருக்கு மேல் எங்கள் குழுவின் பச்சை டீ-ஷர்ட், துப்பட்டாவை இடுப்பில் சுற்றி முடிச்சு, கையில் போன். டீக்கடை, கேட் கீப்பர், ஆடு மேய்ப்பவர் என்று யாரைப் பார்த்தாலும் நின்றுவிடுவார். நாங்கள் திரும்பிப் பார்த்தால், “நீங்க போய்க்கினே இருங்க, நான் வந்துகினே கீறேன்” என்று கையை வீசுவார். பாவம், மூச்சு வாங்குகிறது, கௌரவத்துக்காகப் பேச்சுக் கொடுத்து நிற்கிறார் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

அந்த முடிவை கொரட்டூரில் ஒருநாள் அவரே உடைத்தார். கரையில் எங்களுக்கு வெகு முன்னால் ஒரு ஆள், தலையைக் கவிழ்த்துக்கொண்டு கையை வீசாமல் நடந்துகொண்டிருந்தார். அக்கா எங்கள் எல்லோரையும் தாண்டிப் பறந்தார். கூட்டத்தில் முதல் ஆள் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டிருந்தேன். என்னை அவர் கடந்த வேகத்தில் அந்தப் பட்டம் ஏரியில் விழுந்தது. அந்த ஆளுக்கு முன்னால் போய் நின்று முகத்தைப் பார்த்தார். பிறகு துப்பட்டா முடிச்சைச் சரிசெய்துகொண்டு நடந்து திரும்பினார்.

“வேற ஆளு” என்றார்.

அப்புறம்தான் சொன்னார். தம்பிக்குப் பத்தொன்பது இருபது வயதிலிருந்து மனநிலை சரியில்லை. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் நன்றாக இருப்பான். விட்டால் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவான். இரண்டு முறை கிளம்பியிருக்கிறான். ஒருமுறை திருநின்றவூரிலும் ஒருமுறை அரக்கோணத்துக்கு இந்தப் பக்கமும் கிடைத்தான். இரண்டு முறையும் ரயில் பாதை ஓரத்தில்.

“தண்டவாளத்த புட்ச்சிகினே போவான் நைனா. ரோடுன்னா அவனுக்கு பயம், எதிர்ல ஆளு வந்துகினே இருப்பாங்க இல்ல. ரயிலு பாதைல யாரும் மூஞ்சிக்கு நேரா வந்து பேசமாட்டாங்க.”

மூன்றாம் முறை போனவன்தான் கிடைக்கவில்லை. முதலில் பெரிய பாதையில் ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கிப் பார்த்திருக்கிறார். ஓடுகிற வண்டிச் சத்தம் ஒத்துக்கொள்ளாமல் ஆள் நடமாட்டமில்லாத பாதைக்குப் போயிருப்பானோ என்று பிறகு சந்தேகம் வந்திருக்கிறது. ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்களை விசாரித்து, எந்த லைன் எப்போது மூடப்பட்டது, எங்கே தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள் என்று நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். பார்த்து முடித்த வழிக்கு மேல் ஒரு கோடு. எங்களுக்கு அவர் போட்டுத் தந்த அழகான வழிகள் எல்லாம் அந்த நோட்டில் இருந்து வந்தவை.

“தனியாவே தேடலாமே அக்கா, எங்களோட எதுக்கு ஓடுறீங்க?” என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

“தனியா ஒரு பொம்பள காட்டுப் பக்கம் போனா நூறு கேள்வி கேக்கறாங்க. இந்த பச்ச பனியன போட்டுக்கினு ஓடினா கை தட்டி தண்ணி குடுக்கறாங்க. நல்ல வேஷமா கீது.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தேன். எங்களில் பாதிப் பேர் அவரைவிடச் சின்னவர்கள். நைனா என்பார், சார் என்பார். தம்பி என்று ஒருத்தனையும் கூப்பிட்டதில்லை.

தம்பியின் படத்தை எங்கள் குழுவில் அட்மின் போட்டார். எல்லோரும் அவரவர் அலுவலகக் குழுவுக்கு அனுப்பினோம். கைகூப்பும் பொம்மைகள் நிறைய வந்தன. பத்து நாளில் அது மேலே போய்விட்டது, கீழே ஓட்ட நேரங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் நிறைந்தன. நானும் அந்தப் படத்தைத் திறந்து சரியாகப் பார்க்காமலேதான் அனுப்பினேன். அவர் எங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வழி போட்டார்.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே நசுங்கினாற்போல நிற்கிற ஓட்டு வீடு. பில்டர்கள் நடையாய் நடந்தும் அம்மா கொடுக்கவில்லை. அவன் திரும்பி வந்தால் வீடு அடையாளம் தெரியவேண்டும் என்பது அந்த அம்மாவின் கட்சி. நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா எனக்கு டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றார். அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்:

“அரிசி தீந்து போச்சின்னு இவளாண்ட சொல்லு நைனா.”

மகள் ஒரு கை தூரத்தில் நிற்கிறார். நான் விழித்தேன். அக்கா சிரித்த முகமாகவே, “வாங்கியாறேன்னு சொல்லு” என்றார். நானும் சொன்னேன். அப்படி ஒரு தூது என் வாழ்க்கையில் போனதில்லை.

வாசல் வரை வந்து வழியனுப்பும்போது சொன்னார். “நாலு வருசமா பேசல. அவன் போனானே, அன்னிக்கி மாத்தரை வாணான்னு துப்பிட்டான். நானு ஷிப்டு முடிச்சிட்டு வந்த கடுப்புல எங்கனா போய்த் தொலைடான்னேன். போய்ட்டான். அம்மா கேட்டுக்கினு இருந்தாங்க.”

எல்லோர் வீட்டிலும் வாரத்துக்கு ஒருமுறை யாராவது யாரையாவது இப்படிச் சொல்வதுண்டு. சொன்னவர் அடுத்த வேளைக்குச் சாப்பாடு போடுகிறார், போனவர் வந்து சாப்பிடுகிறார். அவருக்கு மட்டும் அந்தச் சொல் அப்படியே பலித்துவிட்டது.

அந்த வருடம் தை மாதத்தில் திருத்தணிக்கு அப்பால் ஆந்திர எல்லையை ஒட்டிய குன்றுகளுக்குப் போனோம். ஒரு பழைய மீட்டர் கேஜ் பாதை. அகலப் பாதை வேறு பக்கமாகப் போன பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜல்லியும் கல் பாலங்களும் மிச்சம். ஓடுகிறவனுக்கு அதைவிடச் சுகமான வழி கிடையாது. ரயிலுக்காக வெட்டியது ஆனதால் ஏற்றம் தெரியாமல் ஏறும், வளைவு பெரிதாகத் திரும்பும். குன்றைப் பிளந்து போட்ட இடத்தில் இருபுறமும் பாறைச் சுவர், மேலே சீதாப்பழப் புதர்கள். மொத்தம் இருபத்தொரு கிலோமீட்டர். பதினான்காவதில் கூரை போன ஒரு சின்ன ஸ்டேஷன்.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். அந்தத் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்று எனக்கு ஒன்றரை வருடத்துக் கனவு. முதலாளாக, தனியாக ஓடிக்கொண்டிருந்தேன். ஜல்லியில் ஓடுகிறவன் இரண்டு அடிக்கு முன்னால் தரையைப் பார்ப்பான், இல்லையென்றால் கையில் கட்டியிருக்கிற வாட்சைப் பார்ப்பான். மூன்றாவது ஒன்றைப் பார்த்தால் கால் மடங்கும்.

ஸ்டேஷன் மேடையைத் தாண்டும்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. “இன்னா சார், டைம் இன்னா ஆவுது?”

“ஏழு இருபது” என்றேன். நிற்கவில்லை. நிமிரவில்லை. ஏழு இருபது என்றால் மிச்சம் ஏழு கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டது. அவ்வளவுதான்.

ஓட்டம் முடிகிற ஊரில் ஒரு இட்லிக் கடை. ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசியாக, ஒன்பதரைக்கு மேல், அக்கா வந்தார். அந்த ஸ்டேஷனில் அவரும் நின்றிருக்கிறார். நான் தாண்டி முக்கால் மணி நேரம் கழித்து. மேடையில் யாரும் இல்லை, ஒரு ஆட்டுக்காரரிடம் மட்டும் படத்தைக் காட்டிக் கேட்டேன் என்றார். நான் இலையில் மூன்றாவது இட்லியைப் பிட்டுக்கொண்டே, வெற்றியின் மிதப்பில், வேடிக்கை பேசினேன்.

“இந்தக் காட்டுல கூட நம்ம அம்பத்தூர் பாஷைதான் அக்கா. எல்லாரும் தெலுங்கு கலந்து பேசுற ஊருல, அந்த ஸ்டேஷன்ல ஒருத்தர் டைம் இன்னா ஆவுதுன்னு கேக்குறாரு.”

அவர் கையிலிருந்த இட்லியை இலையில் வைத்தார். என்ன சொன்னோம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்குள் அவர் எழுந்து ஓட ஆரம்பித்திருந்தார். கை கழுவவில்லை.

அட்மின் வேனை நிறுத்தி வைத்தார். ஒரு மணி நேரம் பொறுத்தார்கள். பிள்ளைக்கு டியூஷன், மனைவிக்குக் கோயில் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருந்தது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் அவர் பின்னாலேயே போனேன். ஏழு கிலோமீட்டர். பிடிக்கவே முடியவில்லை.

மேடையில் ஒரு பொரிக் காகிதம் கிடந்தது. வேறொன்றும் இல்லை. சுற்றிலும் புதருக்குள் புகுந்து பெயர் சொல்லிக் கத்தினோம். பாறைச் சுவரில் பட்டுக் குரல் திரும்பி வந்தது. முழங்கை எல்லாம் முள் கீறி ரத்தம். கடைசியில் அவர் மேடையில் குந்திக்கொண்டு, போனில் அந்தப் படத்தை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“இவன்தானா? நல்லா பாத்து சொல்லு.”

நான் பார்த்தேன். ஒடிசலாக ஒருவன், கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை, கேமராவைப் பார்க்காமல் ஓரமாகப் பார்க்கிறான். தெரியவில்லை அக்கா என்பதுதான் உண்மை. அந்த ஒரு சொல்லுக்கு என்ன ஆகியிருக்கும் எனக்கு? ஆனால் தெரியவில்லை என்றால் ஏன் தெரியவில்லை என்று கேட்பார். நிமிர்ந்து பார்க்கவில்லை என்று சொல்லவேண்டும். அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. இரக்கத்தால் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது பொய். கோழைத்தனத்தால் சொன்னேன்.

“ஆமாக்கா. இவர்தான்.”

அவர் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் அமுங்கியிருந்தது. அம்மா எடுத்தார், வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

“அம்மா, அவன் கீறாம்மா. உசுரோட கீறான். நம்ம நைனா கண்ணால பாத்துக்கீறான்.”

பிறகு அந்தக் கிழக்குரல் கேட்டது. “நீ சாப்டியாடி?”

நாலு வருடத்துக்குப் பிறகு மகளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. அக்கா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுத அழுகையை நான் இன்னொரு தடவை கேட்க விரும்பமாட்டேன். நானும் அழுதேன். அவர் என் தலையில் கை வைத்து, “நீ நல்லா இருப்ப” என்றார்.

அதற்குப் பிறகு அவர் வேறு எந்த வழியிலும் ஓடவில்லை. இரண்டு வருடம், ஞாயிறு தவறாமல், அந்த ஒரே பாதை. நோட்டில் கோடு போடாத வழிகள் இருபதுக்கு மேல் மிச்சம் இருந்தன. நோட்டையே மூடி வைத்துவிட்டார். எங்கள் குழுவுக்கு வேறு ஒருவர் வழி போட ஆரம்பித்தார். பெரும்பாலும் ஏரியைச் சுற்றி நாலு சுற்று. ஆரம்பத்தில் நாலைந்து வாரம் நானும் அவரோடு போனேன். பிறகு முட்டி வலி என்றேன். புராஜெக்ட் என்றேன். அவர் ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை. சீசன் வந்தால் ஒரு பை சீதாப்பழத்தை எங்கள் கட்டட வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார். எதிரில் மாட்டிக்கொண்டால், “நீ பாத்த எடத்துல காச்சிது நைனா, துண்ணு” என்பார். என் மகள் விரும்பிச் சாப்பிடுவாள். நான் ஒன்றுகூடத் தொட்டதில்லை.

அந்த இரண்டு வருடமும் அம்மா அவரிடம் பேசினார். அரிசி, மழை, கால் வலி, தெருவில் யாருக்குக் கல்யாணம், எல்லாம். சாயங்காலம் வாசலில் மகள் தலையை முன்னால் இழுத்து வைத்து அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்ததை, பைக்கில் போகும்போது ஒருநாள் பார்த்தேன். எதற்கு இப்போது உண்மையைச் சொல்லிக் கெடுக்கவேண்டும் என்று வண்டியை முறுக்கினேன். அந்தக் காட்சி எனக்கு வசதியாக இருந்தது.

அம்மா தூக்கத்தில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் மாலை போனேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இரண்டு மூன்று உறவுக்காரப் பெண்கள். அக்கா கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்தால் எப்போதும் மலரும்.

“நல்ல நேரத்துல வந்த. உன்னாண்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்தேன். ஊட்ட பில்டருக்குக் குடுத்துர்லாம்னு கீறேன். அந்த ஸ்டேஷனாண்ட ஊருல ஒரு ரூமு பாத்துட்டேன். வேலைலயும் நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன். அவன் அங்கதான் கீறான், அப்பால இங்க எதுக்கு ஊடு?”

வேலை, வீடு, பார்க்காத இருபது வழிகள். எல்லாவற்றையும் என் ஒரு வார்த்தையின் மேல் வைத்திருந்தார். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை. நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

“அக்கா, நான் அன்னைக்கு அவர் முகத்தைப் பாக்கல.”

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. “போட்டோவ பாத்து இவன்தான்னியே.”

“பொய் சொன்னேன். குரல் மட்டும்தான் கேட்டேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்து அறையமாட்டாரா என்று ஆசையாகக்கூட இருந்தது. அவர் பாதி மடித்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பந்தல் கம்பிகளை ஒவ்வொன்றாக வண்டியில் போடுகிற சத்தம்.

“ரெண்டு வருசம்” என்றார். என்னிடம் சொன்னது மாதிரி இல்லை.

பிறகு கேட்டார். “தலைய தூக்கவே இல்லியா?”

“இல்லக்கா.”

“அப்ப எத்த பாத்துகினு போன?”

“வாட்சை.”

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. பாக்கிங் பிரிவில் ஒரு பெட்டி எங்கே தவறிப் போனது என்று விசாரித்து முடிப்பவரைப் போல, கடைசியாக ஒன்று கேட்டார்.

“அன்னிக்கி எவ்ளோ நேரத்துல ஓடி முடிச்ச?”

“ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிஷம்” என்றேன். வினாடியும் நினைவில் இருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.